படிக்க வேண்டியதில்லை என்பவர்களுக்கு

"பள்ளிப் பாடத்தைப் புரிந்து படித்த மாணவருக்கு நுழைவுத் தேர்வுக்கெனத் தனிப் படிப்பு எதற்கு?" என்னும் கேள்வி தேர்வுக் காலந்தோறும் கல்வியாளர் வட்டத்தில் எழுகிறது. கேட்பவர்களின் நல்லெண்ணத்தை நான் ஐயுறவில்லை. பயிற்சி மையங்களின் கொள்ளையைக் கண்டு மனம் வெதும்பியவர்களே பெரும்பாலும் இவ்வாறு பேசுகிறார்கள். ஆயினும் மூணாறு, மறையூர், வட்டவடை, பீர்மேடு, சித்தூர், கொழிஞ்சாம்பாறை எனக் கேரளத்தின் தமிழ் பேசும் எல்லைப்புறத்தில் நின்று கேட்டால், இவ்வறிவுரை அங்குள்ள பிள்ளைகளுக்குத் தீங்கே செய்கிறது.

என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நுழைவுத் தேர்வுக்குத் தனியே படித்தே ஆக வேண்டும். அப்படிப் படிக்க வேண்டியிருக்கும் வரை, அப்படிப்பைத் தருவது அரசின் கடமை. இதன் முற்பாதியை மறுப்பவர்கள், தம்மையறியாமலே அரசைப் பிற்பாதியிலிருந்தும் விடுவித்துவிடுகிறார்கள். தேவையே இல்லாத ஒன்றை அரசு ஏன் தர வேண்டும்?

தேர்வின் அமைப்பைப் பாருங்கள். நீட் தேர்வில் இப்போது 180 நிமிடத்தில் 180 வினாக்கள். கேரளப் பொறியியல் நுழைவுத் தேர்வில் அதே 180 நிமிடத்தில் 150 வினாக்கள். இரண்டிலும் சரியான விடைக்கு 4 மதிப்பெண். தவறான விடைக்கு 1 மதிப்பெண் கழிவு. பள்ளித் தேர்வு ஒரு கருத்தை விளக்கச் சொல்கிறது. படிப்படியாக எழுதினால் பாதி வழிக்கும் மதிப்பெண் தருகிறது. நுழைவுத் தேர்வு விளக்கத்தைக் கேட்பதில்லை. எதை விடுவது, எதை ஊகிப்பது, எங்கே நிறுத்துவது என்பதை ஒரு நிமிடத்துக்குள் முடிவுசெய்யும் பழக்கத்தை அது அளக்கிறது. இப்பழக்கம் பிறவியில் வருவதன்று. பழைய வினாத்தாள்களை நேரம் வைத்துத் திரும்பத் திரும்ப எழுதினால் வருவது. பாடம் நன்கு தெரிந்த மாணவியும் இதைப் பழகாமல் சென்றால் தோற்பாள். அத்தோல்வி அவள் அறிவைப் பற்றி எதையும் மெய்ப்பிக்காது.

எல்லைப்புற மாணவருக்கு இதன்மேல் இன்னொரு சுமை உண்டு. பத்தாம் வகுப்புவரை தமிழ்வழியிற் பயின்றவர் முடுக்கம், உந்தம், ஒளிச்சேர்க்கை என்றே அறிவியலை அறிந்திருக்கிறார். மேல்நிலை வகுப்பில் அவையே ஆக்ஸிலரேஷன், மொமென்டம், போட்டோசிந்தசிஸ் என்று ஆங்கில உடையில் வருகின்றன; ஆசிரியர் வகுப்பில் விளக்கும் மொழியோ பெரும்பாலும் மலையாளம். ஒரே கருத்தை மூன்று மொழிகளில் தேடியெடுத்து, ஆங்கிலத்தில் மட்டுமே நடக்கும் மாநில நுழைவுத் தேர்வில் ஏறத்தாழ ஒரு நிமிடத்தில் விடை குறிக்க வேண்டும். இப்பிள்ளையிடம் "இயல்பாகப் படித்தால் போதும்" என்பவர், யாருடைய இயல்பைப் பேசுகிறார்?

தனிப் படிப்பின் தேவைக்குச் சான்று தமிழ்நாட்டிலேயே இருக்கிறது. நீதிபதி ஏ.கே.ராஜன் குழு 2021-இல் அளித்த அறிக்கையின்படி, மருத்துவ இடம் பெற்றோரில் ஓராண்டோ அதற்கு மேலோ காத்திருந்து மீண்டும் தேர்வெழுதியவர்களின் பங்கு 2016-17-இல் 12.47 விழுக்காடு, 2020-21-இல் அது 71.42 விழுக்காடு. நீட்டுக்கு முன் இரட்டை இலக்கத்தில் இருந்த தமிழ்வழி மாணவரின் பங்கு, அதன் பின் நான்கு விழுக்காட்டுக்கும் கீழே இறங்கியது. ஓராண்டு முழுவதும் சம்பாதிக்காமல், பணம் கட்டிப் படிக்க இயன்ற குடும்பம் எது என்பதற்கு ஆய்வு வேண்டியதில்லை. தேயிலைத் தோட்டத்து லயத்தில் வாழும் குடும்பம் அதுவன்று.

மதிப்பெண் என்பது திறமையின் நேர் நிழல் என்று நம்புவோர் 2025-ஆம் ஆண்டின் கேரளப் பொறியியல் தரவரிசையை நினைவுகொள்ளட்டும். ஜூலை 1 அன்று முதற் பட்டியல் வந்தது. வெவ்வேறு பாடத்திட்டத்தினரின் பிளஸ் டூ மதிப்பெண்களைச் சமன்செய்யும் முறையை அதற்குச் சற்று முன்புதான் அரசு மாற்றியிருந்தது. தேர்வு முடிந்தபின் விதியை மாற்றியது செல்லாதென உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஜூலை 10 அன்று பழைய முறைப்படி புதிய பட்டியல் வெளியானது. முதற் பட்டியலின் முதல் நூறு இடங்களில் 43 பேர் மாநிலப் பாடத்திட்டத்தினர். திருத்திய பட்டியலில் 21 பேர். பத்து நாட்களில் எந்த மாணவரின் அறிவும் கூடவுமில்லை, குறையவுமில்லை. நீதிமன்றத்தின் தர்க்கத்தோடு எனக்குப் பிணக்கில்லை. ஒரு சூத்திரம் மாறினால் பாதிப் பேர் மறைந்துபோகும் அளவுகோலைப் பிறவித் திறமையின் தராசு என்று கொண்டாடுவதோடுதான் பிணக்கு.

இனி மறுதரப்புக்கு வருவோம். "தேர்வே அநீதி என்றால் ஒழிக்கப் போராடுவோம், அதற்குப் பயிற்சி கொடுப்பது அநீதிக்கு உடன்படுவது ஆகாதா?" என்கிறார்கள் தோழர்கள். ஒழிக்க முடியும் என்பதற்கு வரலாறு உண்டு. தமிழ்நாட்டில் 1984-இல் வந்த தொழிற்கல்வி நுழைவுத் தேர்வை, ஆனந்தகிருஷ்ணன் குழுவின் பரிந்துரைக்குப் பின் இயற்றப்பட்ட 2007-ஆம் ஆண்டின் 3-ஆம் எண் சட்டம் நீக்கியது. அச்சட்டத்தால்தான் ஊர்ப்புறத்துப் பிள்ளைகள் பிளஸ் டூ மதிப்பெண்ணோடு பொறியியற் கல்லூரிக்குள் நுழைந்தார்கள். அப்போராட்டத்தின் பக்கமே நானும் நிற்கிறேன்.

ஆனால் சட்டத்துக்கு எல்லைக்கோடு உண்டு; மொழிக்கு அது இல்லை. அரசுப் பள்ளி மாணவருக்கு மருத்துவ இடங்களில் 7.5 விழுக்காட்டை ஒதுக்கிய தமிழ்நாட்டின் 2020-ஆம் ஆண்டுச் சட்டம், முதலாண்டிலேயே முந்நூறுக்கும் மேற்பட்டோரை எம்.பி.பி.எஸ். வகுப்பில் அமர்த்தியது. அதற்குத் தகுதி பெற ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை தமிழ்நாட்டு அரசுப் பள்ளியிற் படித்திருக்க வேண்டும். மறையூரில் தமிழ்வழியிற் படித்து, பிளஸ் டூவுக்கு உடுமலைப்பேட்டைக்குப் போன பிள்ளைக்கு அதில் இடமில்லை. நாளை தமிழ்நாடு நீட் விலக்கே பெற்றாலும், கேரளத்துத் தமிழ் மாணவர் அத்தேர்வை எழுதித்தான் ஆக வேண்டும். ஒழிப்புக்குப் போராடும் ஆண்டுகளிலும் பிள்ளைகளுக்குப் பதினேழு வயது நிறைந்துகொண்டே இருக்கிறது.

இரு தரப்பாரும் பேசாத செய்தி ஒன்று உண்டு. நீட் 13 மொழிகளில் நடக்கிறது, அவற்றுள் தமிழும் ஒன்று என்று பெருமை பேசுகிறோம். தகவற் கையேட்டைப் புரட்டினால் மொழிகளுக்கு நேரே மாநிலங்களின் பட்டியல் இருக்கும். தமிழ் வினாத்தாள் தமிழ்நாடு, புதுச்சேரி, அந்தமான் நிக்கோபார் மையங்களில் மட்டுமே கிடைக்கும். கேரள மையங்களில் ஆங்கிலத்தோடு மலையாளம் உண்டு; நாடெங்கும் வழங்கப்படும் இந்தியும் உருதும் உண்டு; தமிழ் இல்லை. தேவிகுளம் வட்டத்தில் தமிழ்வழிப் பள்ளியை நடத்தும் அதே நாட்டில், அப்பள்ளியின் மாணவி தன் மாநிலத்தில் தன் மொழியில் தேர்வெழுத வழியில்லை.

பாலக்காட்டின் காட்சி இன்னும் கசப்பானது. 2015-இல் தொடங்கிய பாலக்காடு ஐ.ஐ.டி. முதலில் இயங்கியது எல்லையோரக் கோழிப்பாறையில். அதன் நிலையான வளாகம் கஞ்சிக்கோட்டில். கொழிஞ்சாம்பாறைத் தமிழ்ப் பிள்ளைகளுக்கு இது கூப்பிடு தூரம். அதன் வாயிலான ஜே.இ.இ. அட்வான்ஸ்டு தேர்வு ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே நடக்கிறது. நிலம் நம்மூரில், வினாத்தாள் வேற்று மொழியில்.

இந்த இடைவெளியைத் தான் நிரப்புவதாகச் சந்தை சொல்கிறது. பாலா, திருச்சூர், கோழிக்கோடு என்று பயிற்சி நகரங்கள் வளர்ந்திருக்கின்றன. அங்கே விடுதியில் தங்கிப் படிக்கும் செலவு, நாட்கூலி வாங்கும் பெற்றோருக்கு எட்டாக்கனி. "படிக்க வேண்டியதில்லை" என்ற அறிவுரையை வசதியுள்ள வீட்டார் யாரும் பின்பற்றுவதில்லை. அவர்கள் எட்டாம் வகுப்பிலேயே பிள்ளையைச் சேர்த்துவிடுகிறார்கள். அறிவுரையை நம்பி ஏமாறுபவர்கள் ஏழைகள் மட்டுமே.

ஆகவே மூன்று கோரிக்கைகளை முன்வைக்கிறேன். மூன்றுக்கும் முன்மாதிரி உண்டு.

முதலாவது, இடுக்கி, பாலக்காடு மாவட்டங்களின் நீட் மையங்களில் தமிழ் வினாத்தாள் வேண்டும். அச்சிடப்பட்ட தாள் ஏற்கெனவே இருக்கிறது. வாளையாற்றைக் கடந்து வருவதொன்றே பாக்கி. பத்தாம் வகுப்புத் தகுதிக்கான தேர்வுகளில் கேரளப் பணியாளர் தேர்வாணையம் தமிழிலும் கன்னடத்திலும் வினாத்தாள் தருகிறதே!

இரண்டாவது, மாநில நுழைவுத் தேர்வில் ஆங்கில வினாவுக்கு அருகே தமிழ், மலையாள வடிவங்கள் வேண்டும். தேர்வு 2024 முதல் கணினியில் நடப்பதால் அச்சுச் செலவு என்ற சாக்கும் போய்விட்டது. தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் அரசோடு தம் மொழியிற் கடிதம் எழுத 1969-ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம் இடமளிக்கிறது. மனு எழுத உதவும் மொழி விடை எழுத உதவாதா?

மூன்றாவது, அரசின் நுழைவுத் தேர்வுப் பயிற்சி முழுமையாகத் தமிழிலும் வேண்டும். 2020-இல் பெருந்தொற்றுக் காலத்து 'ஃபர்ஸ்ட் பெல்' வகுப்புகளைக் கேரளம் தமிழிலும் கன்னடத்திலும் தயாரித்தது. அதை நடத்திய கைட் நிறுவனமே 2024-இல் நுழைவுத் தேர்வுப் பயிற்சித் திட்டமொன்றையும் தொடங்கியது. அறிவும் கருவியும் அரசிடம் இருக்கின்றன, குறைவது மனம்.

மாணவர்களே, தேர்வு நியாயமானதா என்ற விவாதத்தை எங்களிடம் விடுங்கள், விடாமல் நடத்துகிறோம். நீங்கள் படியுங்கள். பள்ளிப் பாடநூலையே ஆங்கிலக் கலைச்சொற்களோடு வரிவரியாகப் படியுங்கள். கடந்த ஆண்டுகளின் வினாத்தாள்களை நேரம் வைத்து எழுதுங்கள். செய்த பிழைகளைத் தனிக் குறிப்பேட்டில் குறித்துவையுங்கள். இதற்கு இலட்சங்கள் வேண்டியதில்லை, மாதங்கள் வேண்டும்.

சக ஆய்வாளர்களே, பேராசிரியர்களே, சித்தூரிலும் மூணாற்றிலும் அரசுக் கல்லூரிகள் இருக்கின்றன. அவற்றின் வகுப்பறைகள் சனிக்கிழமைகளில் திறந்திருந்தால், இயற்பியலும் வேதியியலும் கற்பிக்க நம்மிடையே ஆட்கள் உண்டு. கலைச்சொற்களை மும்மொழியில் தொகுத்துத் தரத் தமிழ் ஆய்வாளர்களால் இயலும். தேர்வை எதிர்த்துக் கட்டுரை எழுதுவோம். எழுதும் கையாலேயே ஒரு வினாத்தாளையும் விளக்குவோம். இரண்டில் ஒன்றை மட்டும் செய்வதற்கு நமக்கு உரிமை இல்லை.