நகையும் நாகரிகமும்

காஞ்சிபுரத்தில் கோர்வைப் பட்டுச்சேலை நெய்வதற்கு ஒருவர் போதார். உடல்பகுதிக்கும் இருபுறக் கரைகளுக்குமாக மூன்று நாடாக்கள் ஓடும்; ஒரு கரையின் நாடாவை எறிய, நெசவாளர் அருகே மற்றொருவர் அமர்ந்திருப்பார். சேலையைக் காண்போர் அவ்விருவரின் உழைப்பைக் காண்பதில்லை. தொலைக்காட்சியின் நகைச்சுவைத் தொடரும் இத்தகையதே. திரைக்குப் பின்னே பலர் கூடி நெய்யும் அந்நகைச்சுவைக்கு உண்மை மனிதரின் வாழ்க்கையே இழையாகிறது. ஆதலின், அவ்விழை அறுந்துவிடாமல் நெய்வது படைப்போர் கடமையாகும்.

இதற்கு நல்லதொரு சான்று, 1980களில் தூர்தர்ஷனில் ஒளிபரப்பான ‘மால்குடி டேஸ்’ தொடராகும். அதன் மூலக்கதைகளை எழுதிய ஆர்.கே. நாராயண், 1906இல் சென்னையில் பிறந்தவர். புரசைவாக்கத்தில் பாட்டியிடம் வளர்ந்தவர். பள்ளியில் தாம் எதிர்கொண்ட இகழ்ச்சியையும் அச்சத்தையும் 1935இல் வெளிவந்த ‘சுவாமியும் நண்பர்களும்’ புதினத்தில் சிரிப்பாக மாற்றினார்.

அச்சிரிப்பைத் திரைக்குக் கொண்டுவர இயக்குநர் சங்கர் நாக் தேர்ந்த இடம், கர்நாடகத்தின் மழை மிகுந்த ஆகும்பே சிற்றூர். அவ்வூரின் தெருக்களும் வீடுகளும் மால்குடியாக மாறின. அரசாளு என்னும் சிறு தொடர்வண்டி நிலையம் மால்குடி நிலையமாயிற்று. ஆர்.கே. லட்சுமண் ஓவியங்கள் வரைந்தார், எல். வைத்தியநாதன் இசையமைத்தார். இத்தனை பேர் உழைத்தும், சுவாமியின் குறும்பு சிறுவனின் இயல்பான குறும்பாகவே திரையில் நின்றது.

தொல்காப்பியர் மெய்ப்பாடுகள் எட்டனுள் நகையை முதலில் வைத்து, எள்ளல், இளமை, அறியாமை, மடமை என்னும் நான்கின்வழி அது பிறக்கும் என்கிறார். மால்குடியின் நகை பெரிதும் இளமையிலும் அறியாமையிலும் பிறந்தது. இன்றைய தொடர்கள் பலவோ எள்ளல் ஒன்றையே நம்புகின்றன. திக்கிப் பேசுபவரும், கருநிறத்தவரும், உடல் பருத்தவரும் அவற்றில் எளிதில் இலக்காகின்றனர். அன்றிரவு திரையில் எழுந்த கேலி, மறுநாள் வகுப்பறையில் ஒரு மாணவரின் பட்டப்பெயராகிவிடுகிறது.

எள்ளல் இன்றி நகைச்சுவை ஏது எனச் சிலர் வினவலாம். எள்ளலை விலக்க வேண்டுவதில்லை. அது யாரை நோக்குகிறது என்பதே வினா. செருக்கையும் போலித்தனத்தையும் எள்ளுவது சமூகத்திற்கு நலம் பயக்கும். மாற்றிக்கொள்ள இயலாத உடற்குறையை எள்ளுவது கொடுமையாகும்.

நாளை ஒரு படப்பிடிப்புக் குழு நெசவாளர் வாழ்வை நகைச்சுவையாக்கக் காஞ்சிபுரம் வரலாம். குழித்தறியில் அமர்ந்திருப்பவரின் பேச்சையும் நடையையும் பகடி செய்வது எளிது. அவரிடம் இயல்பாகவே உள்ள நகைச்சுவையைக் கேட்டறியப் பல நாள் அவரோடு பழக வேண்டும். அவ்வாறு உருவான தொடரை அந்நெசவாளர் தம் குடும்பத்தாரோடு அமர்ந்து பார்த்துத் தாமும் சிரிப்பாராயின், அதுவே நல்ல நகைச்சுவை.