களிமண் உருண்டையும் கடைசி மணிநேரமும்

உழைப்பு மதிப்புக் கோட்பாடு செத்துவிட்டது என்று ஆண்டுக்கொரு முறை யாரேனும் கருமாதிப் பத்திரிகை அடித்துவிடுகிறார்கள். செத்தது உண்மையானால் ஒரு முறை எரித்தால் போதாதா? கூடவே வரும் ஏளனமும் மாறுவதில்லை: ஒருவன் நாள் முழுதும் உட்கார்ந்து களிமண்ணை உருட்டினால் அந்த உருண்டைக்கும் மதிப்பு உண்டா?

இதற்கான விடை 1867இல் வெளிவந்த ‘மூலதனம்’ முதல் தொகுதியின் முதல் அத்தியாயத்திலேயே இருக்கிறது. எவருக்கும் பயன்படாத பொருளுக்கு மதிப்பில்லை என்று மார்க்ஸ் அங்கேயே சொல்லிவிடுகிறார். மதிப்பின் அளவுகோல் தனியொருவன் செலவிட்ட நேரம் அன்று. சமூக ரீதியில் அவசியமான உழைப்பு நேரம். இங்கிலாந்தில் விசைத்தறி வந்தபின்னும் கைத்தறி நெசவாளி முன்போலவே பாடுபட்டான். ஆயினும் அவனது ஒரு மணிநேரம் சந்தையில் அரை மணிநேரமாகச் சுருங்கிவிட்டது என்பது அவர் தரும் உதாரணம். முதல் அத்தியாயத்தைக்கூடப் புரட்டாதவர்களோடு விவாதிப்பதும் களிமண் உருட்டுவதும் ஒன்றே.

அதற்காக நம் தோழர்களைச் சும்மா விடுவதற்கில்லை. முதல் தொகுதியை வேதம்போல் ஓதுகிறவர்கள், 1894இல் எங்கெல்ஸ் பதிப்பித்த மூன்றாம் தொகுதியின் பக்கம் வந்ததும் குரலைத் தாழ்த்திக்கொள்வது ஏன்? எல்லாத் துறைகளிலும் இலாப விகிதம் ஏறத்தாழ ஒன்றாகுமானால், பண்டங்கள் அவற்றில் அடங்கிய உழைப்புக்கு நேர்விகிதத்தில் விலைபோக முடியாது. நிலவறையில் சில ஆண்டுகள் சும்மா கிடந்த ஒயினின் விலை ஏறுவதெப்படி என்ற சிக்கல், 1823இல் இறக்கும்வரை ரிக்கார்டோவை விடவில்லை. தனித்தனி விலைகள் மதிப்பிலிருந்து விலகினாலும் மொத்த விலை மொத்த மதிப்புக்கும், மொத்த இலாபம் மொத்த உபரி மதிப்புக்கும் சமம் என்றார் மார்க்ஸ். 1896இல் பொம்-பாவர்க் இதை முரண்பாடு என்றார். 1907இல் போர்ட்கிவிச் இடுபொருள்களின் மதிப்பையும் விலையாக மாற்றிக் கணக்கிட்டார். அவ்விரு சமன்களும் பொதுவாக ஒருசேர நிற்கவில்லை. பின்னர் வந்த மாற்று விளக்கங்களிலும் இன்றளவும் உடன்பாடில்லை. விலையைக் கணக்கிடும் வாய்ப்பாடாக இக்கோட்பாடு போதாது என்று ஒப்புக்கொள்வதில் நமக்குக் கூச்சமில்லை.

அப்படியானால் எதிரணி வென்றதா? 1871இல் ஜெவன்ஸும் மெங்கரும் முன்வைத்த இறுதிநிலைப் பயன்பாடு, தண்ணீருக்கும் வைரத்துக்குமுள்ள விலை வேறுபாட்டை அழகாக விளக்கும். இலாபம் எங்கிருந்து வருகிறது என்று கேட்டால், மூலதனம் தன் உற்பத்தித் திறனுக்கேற்ற பங்கைப் பெறுகிறது என்பார்கள் அவ்வழி வந்தவர்கள். பலவகை இயந்திரங்களைக் கூட்டி ‘மூலதனம்’ என்று அளக்க அவற்றின் விலை தெரியவேண்டும். விலை தெரிய இலாப விகிதம் தெரியவேண்டும். எதை விளக்கப் புறப்பட்டார்களோ அதையே கையில் வைத்துக்கொண்டு கிளம்புகிறார்கள்! 1960இல் ஸ்ராஃபா எழுதிய சிறு நூல் இரு தரப்பையும் சங்கடப்படுத்தியது. உழைப்பு மதிப்பின் துணையின்றியே அவர் விலைகளைக் காட்டினார். ஆனால் கூலி, இலாப விகிதம் இரண்டில் ஒன்று முன்கூட்டியே வெளியிலிருந்து தீர்மானமாகியிருக்க வேண்டும். வட்டி குறைந்தால் மூலதனச் செறிவு மிகும் என்ற பாடப்புத்தகக் கதை எப்போதும் செல்லாது என்று 1966இல் சாமுவேல்சனே ஒப்புக்கொண்டார்.

வெளியிலிருந்து என்றால் எங்கிருந்து? பருத்தியாலையின் நிகர இலாபம் முழுவதும் கடைசி மணிநேரத்தில்தான் பிறக்கிறது, வேலை நேரத்தைக் குறைத்தால் இலாபம் அழியும் என்று 1837இல் நாசாவ் சீனியர் கணக்குப் போட்டுக் காட்டினார். 1847இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் பெண்களுக்கும் இளவயதினருக்கும் பத்து மணிநேரச் சட்டம் இயற்றியது. பருத்தித் தொழில் அழிந்துவிடவில்லை. அந்தக் கடைசி மணிநேரம் யாருக்குச் சொந்தம் என்ற வழக்கு, நெடுநாள் கிளர்ச்சிக்குப் பிறகு சட்டத்தில்தான் தீர்ந்தது. எந்தப் பேராசிரியரின் சமன்பாட்டிலும் அல்ல.

உழைப்பு மதிப்புக் கோட்பாட்டின் விடையில் ஓட்டை உண்டு. உழைப்பவரின் நாளில் எத்தனை மணிநேரம் அவருடையது, எத்தனை பிறருடையது என்ற அதன் கேள்வியில் ஓட்டை இல்லை. விடை தவறியதைக் காட்டிக் கேள்வித்தாளையே கிழித்தெறியப் பார்க்கிறவர்களோடுதான் நமக்குச் சண்டை.