இங்கிலீஷ் மீடியமா, தமிழ் வழியா? ஒன்றாம் வகுப்பிலேயே முடிவாகும் 20% முன்னுரிமை

ஜூன் மாதக் காலையில் சாணார்பட்டி, ரெட்டியார்சத்திரம் பக்கமிருந்து திண்டுக்கல் டவுனுக்குள் வரும் ஸ்கூல் வேன்களைப் பார்த்தாலே தெரியும், பெற்றோர் எதற்காகக் கடன் வாங்கிக் கட்டணம் கட்டுகிறார்கள் என்று. இங்கிலீஷ் மீடியம். வேனுக்குக் காசில்லாதவர்களும் இப்போது அதையே கேட்கலாம். 2013-14 வாக்கில் அரசுப் பள்ளிகளிலேயே ஆங்கில வழிப் பிரிவுகள் பரவலாக வந்துவிட்டன. "எந்த மீடியம்?" என்று அட்மிஷன் மேஜையில் கேட்பார்கள். அரை நிமிஷத்தில் பதில் சொல்லிவிடுவார்கள்.

அந்த அரை நிமிஷம் சின்ன விஷயமில்லை.

தமிழ் வழியில் படித்தவர்களுக்கு அரசுப் பணி நேரடி நியமனத்தில் 20 சதவீத இடங்களை முன்னுரிமையாகத் தருகிறது 2010-ம் ஆண்டுச் சட்டம். தேர்வுக்குப் படிப்பவர்கள் சுருக்கமாக 'பி.எஸ்.டி.எம்.' என்பார்கள். 2020-ல் வந்த திருத்தம் அதை இறுக்கிவிட்டது. பட்டத்தை மட்டும் தமிழில் படித்தால் போதாது, பள்ளிப் படிப்பும் தமிழ் வழியில் இருக்க வேண்டும். டி.என்.பி.எஸ்.சி. ஒன்றாம் வகுப்பிலிருந்தே சான்றிதழ் கேட்கிறது. குரூப் 4 என்றால் பத்தாம் வகுப்பு வரை. பட்டம் கேட்கும் குரூப் 2 பணிகளுக்கு, பட்டமும் தமிழில்.

அதாவது, ஐந்தாம் வகுப்பு வரை ஆங்கில வழியில் படித்துவிட்டு ஆறாம் வகுப்பில் தமிழுக்கு மாறிய பிள்ளைக்கும் இந்த முன்னுரிமை கிடையாது. திருத்தத்தின் நோக்கம் சரிதான், குறுக்கு வழியை அடைத்தது. ஆனால் ஒரே அரசு ஒரு கையால் ஆங்கிலப் பிரிவைத் திறந்துவிட்டு, மறு கையால் தமிழ் வழிக்குப் பரிசு வைத்திருக்கிறது. ரெண்டையும் சேர்த்துப் பெற்றோரிடம் எடுத்துச் சொல்வது யார் வேலை?

கட்டாயப்படுத்தலாமே என்றால், அந்தக் கதவு மூடியாகிவிட்டது. ஐந்தாம் வகுப்பு வரை தமிழோ தாய்மொழியோதான் பயிற்று மொழி என்று தமிழக அரசு 1999-ல் போட்ட ஆணையை சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. 2014-ல் கர்நாடக வழக்கில் உச்ச நீதிமன்றமும், தாய்மொழி வழிக் கல்வியை அரசு திணிக்க முடியாது என்று சொல்லிவிட்டது.

வேல்ஸில் என்ன பண்ணினார்கள்?

பிரிட்டனில் உள்ள வேல்ஸில், 2021 கணக்கெடுப்பின்படி வெல்ஷ் பேசுபவர்கள் சுமார் 5.38 லட்சம் பேர்தான். ஒரு சென்னை மண்டலத்தைவிடப் பெரிய கூட்டமில்லை. அங்கேயும் யாரையும் கட்டாயப்படுத்தவில்லை. ஆனால் 2013-ம் ஆண்டுச் சட்டம், 22 உள்ளாட்சிகளும் வெல்ஷ் வழிக் கல்விக்குத் திட்டம் போட்டே ஆக வேண்டும் என்றது. 2022-ல் தொடங்கியவை பத்தாண்டுத் திட்டங்கள். 'மொழியை வளர்ப்போம்' என்ற வழக்கமான வசனத்தோடு அவை நிற்பதில்லை. முதல் வகுப்பில் எத்தனை குழந்தைகள் வெல்ஷ் வழியில் சேர வேண்டும் என்று எண்ணிக்கையே இருக்கும். பள்ளிப் போக்குவரத்தைத் திட்டமிடும்போதும் வெல்ஷ் வழிப் பள்ளிக்குப் போக வசதி செய்வது உள்ளாட்சியின் கடமை. அது 2008-லேயே சட்டமானது. 2025-ல் இன்னொரு சட்டமும் வந்திருக்கிறது.

நம்மிடம் அந்த நடு அடுக்குதான் இல்லை. மேலே சட்டம் இருக்கிறது, கீழே பெற்றோர் தனியாக நிற்கிறார்கள். 'தமிழ்ப் புதல்வன்' திட்டத்தில்கூட, அரசு உதவி பெறும் பள்ளி என்றால் தமிழ் வழியில் படித்த மாணவருக்குத்தான் மாதம் 1,000 ரூபாய். இதுவும் பரிசுதான், அதுவும் காலேஜ் போன பிறகு.

திண்டுக்கல் மாவட்டத்தில் 14 ஒன்றியங்கள். ஒவ்வொன்றிலும் எந்தப் பள்ளியில் தமிழ் வழி ஆறாம் வகுப்புக்கும் பிளஸ் 1-க்கும் தொடர்கிறது, குஜிலியம்பாறையில் பிளஸ் 2 முடித்த பெண் பஸ்ஸில் போய்வரும் தூரத்தில் எந்தப் பட்டத்தைத் தமிழில் படிக்கலாம் என்று ஒரே பட்டியலாகப் போடலாம். இதற்குப் புதுச் சட்டம் தேவையில்லை. கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுக்கள் ஏற்கெனவே பள்ளி வளர்ச்சித் திட்டம் தயாரிக்க வேண்டும். சுற்றுச்சுவர், கழிப்பறையோடு பயிற்று மொழியும் அதில் ஒரு பக்கம் பிடிக்கட்டும்.

ஆங்கிலம் வேண்டும் என்று நினைக்கும் பெற்றோரைக் குறை சொல்லிப் பயனில்லை. தமிழ் வழிப் பிரிவில் ஆங்கிலப் பாடம் ஒழுங்காக நடந்தால் பாதிப் பேர் யோசிப்பார்கள். மீதியை, அட்மிஷன் படிவத்தில் 'எந்த மீடியம்' என்ற கட்டத்துக்குக் கீழே பி.எஸ்.டி.எம். விதியை ரெண்டு வரியில் அச்சடித்துத் தொடங்கலாம். அடுத்த ஜூனுக்குள் முடிகிற வேலைதான்.