நாற்பத்தோராம் நாள்

தவக்காலம் தொடங்கியதும் நம் பங்குகளில் மதுவைத் தொடாமல் இருப்போர் பலர். வேளாங்கண்ணிக்கு நடைப்பயணம் புறப்படுவோரும் அவ்வண்ணமே. காவியுடை தரித்த நாள்முதல் ஒரு துளியும் அருந்தார். வீட்டார் மகிழ்கின்றனர், குழந்தைகள் அச்சமின்றித் தந்தையின் அருகில் அமர்கின்றனர். உயிர்ப்புப் பெருவிழா முடிந்த மறுநாளோ, திருவிழாக் கொடி இறங்கிய மாலையோ, எல்லாம் பழையபடி. அதன்பின் மனைவி பங்குத்தந்தையிடம் வருகிறார்: "சாமி, இவரைப் பைபிள்மேல கைவச்சு சத்தியம் பண்ணச் சொல்லுங்க."

அன்பிற்குரிய சகோதரிகளே, அந்தச் சத்தியத்தை வாங்க நான் உடன்படுவதில்லை. குடிநோயின் பிடியில் உள்ளவர் மனப்பூர்வமாகவே சத்தியம் செய்கிறார், அதில் ஐயமில்லை. ஆயினும் நாற்பது நாள் நிறுத்த முடிந்ததே, தாம் நோயாளி அல்லர் என்பதற்கு அவர் காட்டும் சான்றாகிவிடுகிறது. ஆணை முறிந்ததும், குடித்த குற்றத்தோடு ஆண்டவரை ஏமாற்றிய குற்றமும் நெஞ்சில் ஏறுகிறது. அந்தப் பாரம் தாங்காமல் மேலும் குடிக்கிறார். கோயிலுக்கு வருவதையும் விட்டுவிடுகிறார். அவருக்கு வேண்டியது, ஆசை எழும் அந்த மாலையில் போய் அமர ஓர் இடமும், அந்த ஆசையைத் தாமே அனுபவித்த ஒரு மனிதரும்.

அந்த இடத்திற்கு ஏ.ஏ. கூட்டம் என்று பெயர். ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் என்பதன் சுருக்கம் அது. 1935-ஆம் ஆண்டு மே மாதம், அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் ஓர் ஓட்டலில் பில் வில்சன் என்னும் பங்குச்சந்தைத் தொழிலர் தனியே நின்றார். குடியை விட்டு ஐந்து மாதம். வந்த தொழிலோ கைகூடவில்லை. ஒருபுறம் மதுக்கூடத்தின் சிரிப்பொலி, மறுபுறம் தொலைபேசியும் தேவாலயங்களின் பட்டியலும். அவர் ஒரு போதகரை அழைத்து, தாம் பேசுவதற்கு மற்றொரு குடிநோயாளி வேண்டும் என்று கேட்டார். அவ்வழியே மறுநாள் டாக்டர் பாப் ஸ்மித்தைச் சந்தித்தார். இயக்கம் அங்கே பிறந்தது. இந்தியாவில் அது 1957 முதல் நடைபெறுகிறது.

"இது பிற சபையாரின் இயக்கம் அன்றோ?" எனச் சிலர் தயங்குகின்றனர். எம்மதத்தாரும் அதில் உண்டு. அது ஒரு மதம் அன்று. ஆக்ரனின் புனித தோமையார் மருத்துவமனையில் 1939 முதல் டாக்டர் பாப்புடன் சேர்ந்து குடிநோயாளிகளுக்குப் படுக்கை அளித்தவர் அருட்சகோதரி இக்னேஷியா. வீடு திரும்பும் ஒவ்வொருவருக்கும் இயேசுவின் திரு இருதயச் சின்னம் ஒன்றைத் தருவார். மறுபடி குடிப்பதானால், குடிக்குமுன் அதைத் தம்மிடம் கொண்டுவந்து ஒப்படைக்க வேண்டும் என்பதே அவர் கேட்ட வாக்கு. முதல் கிளாசுக்கு முன் ஒரு மனிதரிடம் வந்து நிற்கச் செய்தார். நாம் வாங்கும் சத்தியத்தினும் இது எவ்வளவு ஞானமானது!

கூட்டத்தில் என்ன நடக்கும்? பெரும்பாலும் ஒரு பள்ளி வகுப்பறை, சில நாற்காலிகள், தேநீர். ஒருவர் தம் பெயரைச் சொல்லி, தாம் குடிநோயாளி எனக் கூறித் தம் கதையைப் பேசுவார், மற்றவர் குறுக்கிடார். முகவரி, சாதி, வேலை எதையும் கேட்பதில்லை. கட்டணமும் இல்லை. குடியை நிறுத்தும் விருப்பம் ஒன்றே தகுதி. புதியவர் வாய் திறவாமல் பின்வரிசையில் இருந்துவிட்டு வரலாம். சொந்த ஊரில் வெட்கமெனில் அடுத்த ஊருக்குப் போகட்டும். ஒரு குழு மனத்துக்கு ஒவ்வாவிடில் மற்றொன்றை நாடட்டும். ஒரே கூட்டத்தை வைத்துத் தீர்ப்பிட வேண்டாம். தமிழில் நடப்பதா, வீட்டாரும் வரத்தக்க திறந்த கூட்டமா என்பதை முன்னரே கேட்டறிவது நலம். இடமறிய, அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவில் விசாரிக்கலாம். 14446 என்னும் கட்டணமில்லாத் தேசிய உதவி எண்ணும் உண்டு.

ஒன்றை மறவாதீர். நெடுங்காலம் நாள்தோறும் மிகுதியாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினால் வலிப்பும் சித்தப்பிரமையும் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். அவருக்கு முதலில் மருத்துவர், பின்னர் கூட்டம். நோன்பு தொடங்குவோர் வீட்டார் இதைக் குறித்துக்கொள்க.

கணவர் வர மறுத்தால்? மனைவி போகட்டும். குடிநோயாளிகளின் குடும்பத்தாருக்கென 1951-இல் தொடங்கிய அல்-அனான் என்னும் தனி அமைப்பு உண்டு. புட்டியை ஒளித்து வைப்பதும், அவருக்காகப் பொய்விடுப்பு எழுதி அனுப்புவதும் யாருக்கும் உதவவில்லை என்பதை அங்கே பிற பெண்கள் வாயிலாகக் கேட்பார்கள். நான் நூறு முறை சொன்னாலும் அவ்வளவு உறைக்காது.

குருக்களாகிய நாங்களும் இந்நோய்க்கு விலக்கல்லர். அதன்பொருட்டே, மதுவை அருந்தலாகாத குரு திருப்பலியில் புளிக்காத திராட்சைச் சாற்றைப் பயன்படுத்த ஆயரின் அனுமதி பெற திருச்சபை வழிவைத்துள்ளது.

உடன் குருக்களுக்கு ஒரு வேண்டுகோள். திருமண அறிக்கை ஒட்டும் பலகையில், அருகிலுள்ள கூட்டத்தின் கிழமையையும் நேரத்தையும் எழுதி வையுங்கள். குழுவினர் நம் வகுப்பறையைக் கேட்டால் கொடுங்கள். சிறு வாடகை தருவார்கள். தம் செலவைத் தாமே ஏற்பது அவர்கள் மரபு, ஆகவே மறுக்காமல் வாங்கிக்கொள்ளுங்கள். சாவியைக் கோயில்பிள்ளையிடம் விட்டு, பக்கவாசல் விளக்கை மட்டும் எரியவிடச் சொல்லுங்கள். முதல் நாள் வருபவர் முன்வாசல் வழியே வரமாட்டார்.