மன்னார்க் காற்றும் மழலையின் மூச்சும்

மன்னார்த் தீவின் தென்கரையில் 30 காற்றாலைகள் சுழல்கின்றன. ‘தம்பபவனி’ என்னும் பெயரோடு 2020இல் திறந்துவைக்கப்பட்ட அவற்றின் ஆற்றல் 103.5 மெகாவாற்று. மன்னார்க் காற்றின் விலையை ஆட்சியாளர் நன்கறிவர். அக்காற்றில் ஒரு சிமிழளவு, மாதம் நிறையாது பிறந்த மன்னார் மழலையின் நெஞ்சுக்குள் தங்குவதற்கு அவர்கள் செய்துள்ள ஏற்பாடு யாது? இதுவே நமது கேள்வி.

குறைமாதக் குழந்தையின் நுரையீரலில், காற்றறைகள் ஒட்டிக்கொள்ளாமற் காக்கும் பொருள் போதிய அளவு சுரந்திருப்பதில்லை. மூச்சு வெளியேறுந்தோறும் அறைகள் சுருங்கி மூடுகின்றன. 1963 ஓகஸ்டில் அமெரிக்க ஜனாதிபதி கென்னடியின் மகன் பற்றிக் இந்நோயால் இரண்டு நாள் நிறையுமுன் மாண்டான். அன்று செல்வம் இருந்தது, வழி இருக்கவில்லை.

இன்று வழி இருக்கிறது. மூச்சுக்குழலுக்குள் குழாய் செலுத்தாது, மூக்கின் வழியாக இடையறாத மெல்லிய அழுத்தத்தோடு காற்றைத் தருவதே அவ்வழி. ‘சீபாப்’ என்பர் வைத்தியர். அதன் எளிய வடிவில், குழாயின் மறுமுனை நீருக்குள் அமிழ்ந்திருக்கும். எத்தனை சென்ரிமீற்றர் ஆழமோ அத்தனை அழுத்தம். வறிய நாடான மலாவியில் ஒட்சிசன் மட்டும் பெற்ற குழந்தைகளில் நூற்றுக்கு 44உம், இக்கருவியின் துணைபெற்றவற்றில் 71உம் பிழைத்தன என 2014இல் வெளியான ஆய்வு கூறிற்று. மலாவிக்கு இயன்றது மன்னாருக்கு இயலாதா?

“கருவி கொடுத்தால் போதாதா?” என்பார் உளர். போதாது! ஒட்சிசன் மிகுந்தால் குழந்தையின் கண் கெடும், அளந்து கலக்கவேண்டும். மூக்கு புண்படாமற் பார்க்கவேண்டும். மின்சாரம் நின்றால் அக்கணமே மாற்று மின் வேண்டும். நள்ளிரவிலும் பயிற்சிபெற்ற தாதி அருகிருக்கவேண்டும். கட்டுக்கரைக்குளம் நிறைந்து வழிந்தாலும், வாய்க்காலைக் காக்க ஆளில்லையேல் வயல் காயுமென்பதை நம் உழவர்க்கு நாம் சொல்லவேண்டியதில்லை.

“வேறிடம் அனுப்பலாமே” என்பார்க்கும் நமது விடை இதுவே: வவுனியா ஏறத்தாழ 80 கிலோமீற்றர், யாழ்ப்பாணம் நூறுக்கு மேல். மூச்சுக்குப் போராடும் சிசுவுக்கு அது கண்டங்கடக்கும் பயணம். அனுப்பியே ஆகவேண்டுமெனின், வண்டியிலும் அக்காற்று அறாது கிடைக்கவேண்டும்.

வட மாகாண சபையின் பதவிக்காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது. அதன்பின் ஆண்டுகள் பல தேர்தலின்றியே கழிந்தன. மாகாணத்து வைத்தியசாலைகளின் குறையை யார் கேட்பது, யார் விடை சொல்வது?

ஆகவே நாமே கேட்போம். மாவட்டத்தில் எத்தனை கருவிகள் இயங்குகின்றன? இரவுக் கடமையில் பயிற்சிபெற்ற தாதியர் எத்தனை பேர்? மூச்சுத்திணறலுடன் வெளியே அனுப்பப்பட்ட சிசுக்கள் எத்தனை? அவற்றுள் மீண்டவை எத்தனை? இக்கணக்கை ஆண்டுதோறும் மக்கள் முன் வைக்கட்டும். வைத்தியர்களே, பொறியியலாளர்களே, உழவர்களே! இதனை நீங்களும் எழுதிக் கேளுங்கள்.

இது பிச்சையன்று, வரி செலுத்தும் மக்களின் உரிமை. காற்றாலையின் சுழற்சியை நாள்தோறும் கணக்கிடும் அரசுக்கு, மழலையின் மூச்சை எண்ணவும் கடமையுண்டு.