சாய்மனைக் கதிரையை மதிப்பிடுதல்

பழைய தளபாடங்களை மதிப்பிடுவோர் பெரும்பாலும் கண்ணினாலேயே மதிப்பிடுகின்றனர். முதிரை மரத்தின் பொன்னிறத்தையும் கைகளின் வளைவையும் நோக்கி விலை பேசுவோர் பலர். அக்கதிரையில் ஒரு நாழிகை சாய்ந்திருந்து பார்த்தோர் சிலரே. சாய்மனைக் கதிரையைப் பொறுத்தவரை அழகும் சுகமும் இரு வேறு பொருள்கள் அல்ல என்பது எமது கருத்து.

கதிரை என்னும் சொல்லே போர்த்துக்கேயர் விட்டுச் சென்றதாகும். மேசையும் அலுமாரியும் அவ்வாறே. 1658 முதல் 1796 வரை கரையோரங்களை ஆண்ட ஒல்லாந்தர் கருங்காலியிலும் முதிரையிலும் கதிரைகள் செய்வித்தனர். நீண்ட கைகளையுடைய சாய்மனையோ ஆங்கிலேயர் காலத்தில் இந்தியா, இலங்கை, மலாயா ஆகிய நாடுகளில் தோட்டத் துரைமாரின் விறாந்தைகளில் இடம்பெற்று, பின்னர் உடையார், விதானையார், தலைமையாசிரியர் ஆகியோரின் இல்லங்களையும் அடைந்தது.

அதன் ஒவ்வோர் உறுப்பும் வெப்பத்துக்கு விடையாக அமைந்தது. பிரம்புப் பின்னலின் கண்கள் முதுகுக்குக் காற்றை விடுகின்றன. கைகளின் அடியிலிருந்து வெளியே திருப்பும் பலகைகளிற் கால்களை நீட்டினால் நடந்து களைத்த கால்கள் ஓய்வு பெறுகின்றன. அகன்ற கை, தேநீர்க் கோப்பைக்கும் பத்திரிகைக்கும் இடமாகும். ஆதலின், பின்னலை அகற்றிப் பலகை அடித்து மெத்தை போடுவோர் அழகைக் கூட்டவில்லை, கதிரையையே கெடுத்துவிடுகின்றனர். தடித்த வார்னிஷ் பூச்சும் ஏறத்தாழ அதே குற்றந்தான்.

குறையும் உண்டு. இருக்கை தாழ்வாதலால் முதியோர் எழுவது கடினம். எழும் வேளையே இக்கதிரைக்குரிய உண்மையான சோதனை. முன்சட்டம் தொடையை அழுத்துகிறதா, தலை சாய இடமுண்டா என்பவற்றையும் பார்த்தல் வேண்டும். இன்னொன்றும் கூறவேண்டும்: இச்சுகம் வீட்டுத் தலைவருக்கே உரியதாயிருந்தது. அடுக்களையில் வெந்த தாய்மார் அதில் அமர்ந்ததை எத்தனை பேர் கண்டிருப்பர்?

வன்னியில் இவை அரிதாகிவிட்டன. 2008, 2009 ஆம் ஆண்டுகளில் கிளிநொச்சியிலிருந்து முல்லைத்தீவுக் கரை நோக்கிச் சென்ற மக்கள், உழவு இயந்திரங்களில் ஏற்றிய தட்டுமுட்டுகளை வழியெங்கும் கைவிட நேர்ந்தது. முதிரையை இன்று அனுமதியின்றித் தறிக்கவோ ஏற்றிச் செல்லவோ சட்டம் இடந்தராது, அது நன்றே. ஆகவே, எஞ்சிய பழங்கதிரைக்கு ஈடாக மற்றொன்று எளிதிற் கிடையாது. அதனை வாங்குவோருக்கு அது ஓர் அலங்காரம். விற்பவருக்கோ பாட்டனாரின் இருப்பிடம். விலை பேசுமுன் இவ்வேறுபாட்டை உரியவர் எண்ணிப் பார்ப்பாராக.

தொய்ந்த பின்னலைக் கண்டு கதிரையை விற்கவேண்டியதில்லை. பிரம்பின் அடிப்புறத்தை ஈரத்துணியால் நனைத்து நிழலில் உலரவிட்டால் அது ஓரளவு இறுகும். அறுந்திருப்பின், பிளாஸ்டிக் நாரை நாடாது, பிரம்பு பின்னத் தெரிந்தவரைத் தேடல் வேண்டும். அத்தொழிலாளர் அருகிவருகின்றனர். நம் மாணவர் தத்தம் ஊர்களில் எஞ்சியுள்ள கதிரைகளின் உயரம், அகலம், சாய்வு, பொருத்துகள் ஆகியவற்றை அளந்து வரைந்து, பின்னுவோரின் கைமுறையையும் எழுதிக் கல்லூரி நூலகத்தில் வைப்பாராயின், பின்னொரு தச்சர் வேப்பமரத்திலேனும் அதே கதிரையைச் செய்துகொள்ளலாம். இருக்கையை இரண்டு அங்குலம் உயர்த்திச் செய்தாலும் எமக்கு மறுப்பில்லை.