மல்பெரி: செடியாகவா, மரமாகவா?

கேள்வி: ‘‘திருமங்கலம் பக்கம் 1 ஏக்கர் நிலமும் ஒரு போர்வெல்லும் இருக்கின்றன. சித்திரை, வைகாசியில் தண்ணீர் பாதியாகக் குறைந்துவிடும். மல்பெரியை மரமாக வளர்த்தால் குறைந்த தண்ணீரிலேயே பட்டுப்புழு வளர்க்கலாம் என்கிறார்கள். கடன் வாங்கி இப்போதே கொட்டகை போடலாமா?’’
- வாசகர், திருநகர், மதுரை.

பதில்: மரமாக வளர்க்கலாம். ஆனால், கொட்டகைக்குக் கடன் இப்போது வேண்டாம். காரணத்தை மரத்திலிருந்தே தொடங்கலாம்.

முசுக்கட்டை, கம்பளிச்செடி என்றெல்லாம் சொல்லப்படும் மல்பெரியின் தாயகம் சீனா. ஆல், அத்தி, பலா குடும்பத்தைச் சேர்ந்தது. இலையைக் கிள்ளினால் பால் வடியும். பலாவைப் போலவே பல பூக்கள் சேர்ந்து ஒரே பழமாகும். குளிர் நாடுகளில் பனிக்காலத்தில் இலை முழுவதையும் உதிர்த்துவிட்டு, வேரிலும் தண்டிலும் சேமித்த மாவுச்சத்தைக் கொண்டு வசந்தத்தில் துளிர்க்கும். மதுரையில் பனிக்காலம் ஏது? அந்த வேலையைக் கவாத்துக் கத்தி செய்கிறது. ஒவ்வொரு கவாத்தும் மரத்துக்கு ஒரு பனிக்காலம். சேமிப்பைச் செலவழித்துத்தான் அது மறுபடி துளிர்க்கிறது. அதனால் கவாத்துக்குப் பிறகு தொழுவுரமும் தண்ணீரும் தராமல் அடுத்தடுத்து வெட்டினால், மரம் இளைத்துப்போகும்.

வழக்கமான 3 அடிக்கு 3 அடி நடவில் ஏக்கருக்கு 4,840 செடிகள் நிற்கும். இலை சீக்கிரம் கிடைக்கும். தண்ணீரும் அதற்கேற்ப வேண்டும். மரமுறையில் 8 அடிக்கு 8 அடி என்றால் சுமார் 680 மரங்கள், 10 அடிக்கு 10 அடி என்றால் சுமார் 435 மரங்கள். வேர் ஆழமாக இறங்குவதால் வறட்சியைத் தாங்கும். சொட்டுநீரில் ஒவ்வொரு மரத்தின் தூருக்கு மட்டும் தண்ணீர் விட்டால் போதும். இடைவெளியில் ஆரம்ப ஆண்டுகளில் உளுந்து, நிலக்கடலை போடலாம். ஆனால், அதற்கு ரசாயனப் பூச்சிக்கொல்லி தெளிக்கக் கூடாது. மைசூரு மத்திய பட்டு ஆராய்ச்சி நிலையம் உருவாக்கிய வி-1 ரகம் தமிழ்நாட்டில் பரவலாக இருக்கிறது. நன்கு வளர்ந்த நாற்றை நட்டு, 4 அடி உயரம்வரை பக்கக்கிளைகளை நீக்கி, அதற்குமேல் மூன்று கிளைகளை விட வேண்டும்.

இங்குதான் கடன் விஷயம் வருகிறது. மரம் முழு அளவில் இலை கொடுக்க மூன்றாம் ஆண்டு ஆகிவிடும். இன்று கொட்டகை கட்டினால், இலை வரும் முன்பே வட்டி ஓடத் தொடங்கிவிடும்.

அடுத்தது வெயில். இருசந்ததி வெண்பட்டுப் புழுக்களுக்கு வளர்ந்த பருவத்தில் 24 முதல் 26 டிகிரி வெப்பம் ஏற்றது. மதுரையில் கோடை வெயில் 40 டிகிரியைத் தொடும். ஆகவே, சித்திரை, வைகாசியில் புழு வளர்ப்பை நிறுத்திவைப்பதே நல்லது. தண்ணீர் குறைவதும் அதே மாதங்களில்தான் என்பதால், திட்டம் பொருந்திவரும். அந்த நாளில் கிடைக்கும் கொஞ்சம் தழையையும் ஆடு, மாடுகளுக்குப் போடலாம். உலர் எடையில் 15 முதல் 25 சதவிகிதம்வரை புரதம் உள்ள தீவனம் அது. கவாத்துக் குச்சி அடுப்புக்கு ஆகும். புழு எச்சமும் மீந்த தழையும் எருவாகும். ஜலந்தர், மீரட்டில் ஹாக்கி மட்டை செய்வதும் மல்பெரி மரத்தில்தான்.

நிலத்தையும் பார்க்க வேண்டும். கண்மாய்க்குக் கீழே, ஐப்பசி, கார்த்திகையில் தண்ணீர் தேங்கும் நஞ்சையில் வேரழுகல் வரும். அங்கே நடக் கூடாது. களர், உவர் நிலமும் ஆகாது. மண்ணையும் போர்வெல் தண்ணீரையும் பரிசோதித்த பிறகே குழி எடுக்க வேண்டும். பக்கத்துக் காட்டில் பருத்திக்கோ வாழைக்கோ மருந்து அடித்தால், காற்றில் வரும் சாரலே புழுக்களைக் கொன்றுவிடும். அந்த எல்லையில் உயிர்வேலி வேண்டும். மருந்தடிக்கும் நாளை முன்கூட்டியே சொல்லும்படி பக்கத்துக் காட்டுக்காரரிடம் பேசிவைக்கவும் வேண்டும்.

மருந்தடித்துத்தான் பூச்சியை ஒழிக்க முடியும் என்பதும் இல்லை. 2008-ல் கோயம்புத்தூர் பகுதியில் தென்பட்ட பப்பாளி மாவுப்பூச்சி, மல்பெரித் தோட்டங்களையும் வெளுக்கவைத்தது. 2010-ல் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து விடப்பட்ட ‘அசிரோஃபேகஸ் பப்பாயே’ என்ற சின்னஞ்சிறு ஒட்டுண்ணிக் குளவிதான் அதைக் கட்டுக்குள் கொண்டுவந்தது. அடிக்கடி மருந்தடிக்கும் தோட்டத்தில் அந்தக் குளவியும் பிழைக்காது.

இந்த ஆண்டு செய்யவேண்டியது: மண், தண்ணீர்ப் பரிசோதனை, கோடையில் போர்வெல் ஒரு மணி நேரத்தில் எவ்வளவு தருகிறது என்ற கணக்கு, மழைக்காலத்தில் நடவு. நடவுக்கும் கொட்டகைக்கும் பட்டு வளர்ச்சித் துறையில் மானியம் உண்டு. நடும் முன்பே துறை அலுவலகத்தில் விசாரித்துக்கொள்ளலாம். இரண்டு கோடையை மரங்கள் தாண்டிய பிறகு, இலையைப் பார்த்துக் கொட்டகையின் அளவை முடிவு செய்யலாம்.